கீற்றணி, முப்பட்டகம் கொண்டு மீக்குறு லேசர் துடிப்புகளை இறுக்குதல்

துடிப்பு இறுக்கம் என்பது, கால அளவில் நீண்டு பரவிய ஒரு லேசர் துடிப்பை மீண்டும் மிகக் குறுகிய நேரத்துக்குள் அடக்கும் ஒளியியல் முறையாகும். இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருபவை இரண்டு அமைப்புகள். ஒன்று, இணையாக வைக்கப்பட்ட இரு விளிம்பு விளைவுக் கீற்றணிகள். மற்றொன்று, எதிரெதிராகத் திருப்பி வைக்கப்பட்ட இரு முப்பட்டகங்கள். இவை துடிப்புக்கு ஆற்றல் எதையும் கூட்டுவதில்லை. புதிய நிறங்களையும் உண்டாக்குவதில்லை. துடிப்பிலுள்ள நிறங்களில் முந்தி வருவதைச் சற்றுத் தாமதப்படுத்தி, எல்லா நிறங்களும் ஒரே கணத்தில் வந்து சேரும்படி செய்கின்றன.

இங்கே பேசப்படும் நேர அளவு ஃபெம்டோ நொடி. ஒரு நொடியை ஆயிரம் இலட்சம் கோடியாகப் பிரித்தால் (10 இன் அடுக்கு 15) கிடைக்கும் ஒரு பங்கு அது. அந்த நேரத்தில் ஒளி 0.3 மைக்ரோமீட்டர் தொலைவுதான் செல்லும். எனவே 10 ஃபெம்டோ நொடி நீளமுள்ள துடிப்பு, காற்றில் பறந்து செல்லும் 3 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒளித்தகடு போன்றது. தலைமுடியின் தடிமனில் அது இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

துடிப்பு ஏன் பரவுகிறது?

லேசர் ஒளி ஒரே நிறம் கொண்டது என்று பள்ளியில் படிக்கிறோம். தொடர்ந்து எரியும் லேசருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். மீக்குறு துடிப்புக்குப் பொருந்தாது. ஓர் அலை எவ்வளவு குறுகிய நேரத்தில் தொடங்கி முடிகிறதோ, அதை அமைப்பதற்கு அவ்வளவு அகன்ற அதிர்வெண் பட்டை வேண்டும். காஸ் வடிவத் துடிப்புக்கு, நேர அகலத்தையும் அதிர்வெண் அகலத்தையும் பெருக்கினால் வரும் எண் 0.44-க்குக் கீழே போக முடியாது. 800 நானோமீட்டர் அலைநீளத்தில் 100 ஃபெம்டோ நொடித் துடிப்புக்கு ஏறத்தாழ 9 நானோமீட்டர் அகலமான நிறமாலை போதும். 10 ஃபெம்டோ நொடி என்றால் 94 நானோமீட்டர் தேவை. அத்தனை நிறங்களும் ஒன்றாக நடைபோட்டால்தான் துடிப்பு குறுகியதாக இருக்கும்.

கண்ணாடி அந்த நடையைக் குலைக்கிறது. ஒளிவிலகல் எண் நிறத்துக்கு நிறம் மாறுகிறது. சிலிக்காக் கண்ணாடியில் 400 நானோமீட்டருக்கு அது 1.470, 800 நானோமீட்டருக்கு 1.453. கண்ணுக்குப் புலப்படும் ஒளியிலும் அதை ஒட்டிய அகச்சிவப்பிலும், சாதாரணக் கண்ணாடிக்குள் சிவப்புப் பகுதி முந்துகிறது. நீலப் பகுதி பிந்துகிறது. வெளியே வரும் துடிப்பின் முன்பகுதி சிவப்பாகவும் பின்பகுதி நீலமாகவும் இருக்கும். நேரம் செல்லச்செல்ல அதிர்வெண் ஏறும் இந்த நிலைக்குச் ‘சிர்ப்’ என்று பெயர். பறவையின் கீச்சொலியைக் குறிக்கும் இந்தச் சொல் ரேடார் பொறியாளர்களிடமிருந்து வந்தது. ரேடாரில் நீண்ட அலைத்துடிப்பை அதிர்வெண் மாற்றிக்கொண்டே அனுப்பி, திரும்பி வரும்போது இறுக்கும் உத்தி லேசருக்கு முன்பே வழக்கில் இருந்தது.

இதன் அளவை ஒரு கணக்கில் பார்க்கலாம். 800 நானோமீட்டரில் சிலிக்காக் கண்ணாடி மில்லிமீட்டருக்கு 36 சதுர ஃபெம்டோ நொடி நிறப்பிரிகையைத் தருகிறது. 1 செ.மீ. கண்ணாடி 360 தரும். இதில் 100 ஃபெம்டோ நொடித் துடிப்பு நுழைந்தால் 100.5 ஆக வெளிவரும், யாரும் கவனிக்கமாட்டார்கள். 10 ஃபெம்டோ நொடித் துடிப்பு நுழைந்தாலோ 100 ஃபெம்டோ நொடியாக வெளிவரும்! பத்து மடங்கு நீளம். அதனால் உச்சத் திறன் பத்தில் ஒரு பங்கு. துடிப்பு குறுகக்குறுக நிறமாலை அகல்வதால், அதே கண்ணாடி அதற்குப் பெரும் பகையாகிறது. ஒரு வில்லையும் ஒரு சன்னலும் சேர்ந்தாலே 1 செ.மீ. ஆகிவிடும் என்பதால், இந்தத் துறையில் இறுக்கி இல்லாத ஆய்வுக்கூடம் கிடையாது என்றே சொல்லலாம்.

இரு கீற்றணிகள்

கண்ணாடி செய்ததற்கு நேர்மாறாக நீலத்தை முந்தவிட்டுச் சிவப்பைத் தாமதப்படுத்தும் அமைப்பு வேண்டும். இதற்கு எட்மண்ட் ட்ரேசி 1969 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை அடிப்படையாக அமைந்தது. இரு கீற்றணிகளை இணையாக வைப்பதே அவர் ஆராய்ந்த அமைப்பு.

கீற்றணி என்பது மில்லிமீட்டருக்குப் பல நூறு அல்லது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்கோடுகள் இடப்பட்ட பரப்பு. இறுக்கிகளில் பெரும்பாலும் எதிரொளிக்கும் வகையே பயன்படுகிறது. முதல் கீற்றணியில் துடிப்பு படும்போது, அலைநீளம் கூடிய சிவப்பு அதிகக் கோணத்தில் திரும்புகிறது. நீலம் குறைந்த கோணத்தில் திரும்புகிறது. விசிறிபோல் விரிந்த நிறங்கள் இரண்டாம் கீற்றணியை அடைகின்றன. சாய்வாகச் செல்லும் சிவப்புக்குப் பாதை நீளம், நீலத்துக்குக் குறைவு. இரண்டாம் கீற்றணி முதலதற்கு இணையாக இருப்பதால், விரிந்த கதிர்கள் மறுபடி இணையாகின்றன. ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் என்று பக்கவாட்டில் பரவி நிற்கின்றன. இதைச் சரிசெய்ய, கூரை வடிவ ஆடி ஒன்றைக் கொண்டு கற்றையைச் சற்றே வேறு உயரத்தில் வந்த வழியே திருப்பி அனுப்புவர். திரும்பும்போது நிறங்கள் ஒன்றுசேர்கின்றன, தாமதமும் இரட்டிப்பாகிறது.

கீற்றணி இணையின் வலிமை வியக்கத்தக்கது. மில்லிமீட்டருக்கு 1200 கோடுகள் கொண்ட கீற்றணிகளை 800 நானோமீட்டரில் பயன்படுத்தினால், அவற்றுக்கிடையே உள்ள ஒவ்வொரு மில்லிமீட்டர் இடைவெளியும், போய்த் திரும்பும் பயணத்தில், ஏறத்தாழ 3900 சதுர ஃபெம்டோ நொடி எதிர் நிறப்பிரிகையைத் தரும். அதாவது 1 மி.மீ. இடைவெளி, 10 செ.மீ.க்கும் மேற்பட்ட சிலிக்காக் கண்ணாடியின் விளைவை அழிக்கும். இடைவெளியை ஒரு மீட்டராக்கினால், நூற்றுக்கணக்கான பிக்கோ நொடிக்கு நீண்டுவிட்ட துடிப்பையும் இறுக்கலாம்.

குறை, ஒளி இழப்பு. பொன் பூசிய நல்ல கீற்றணி விழும் ஒளியில் 90 விழுக்காட்டைத் தேவையான திசையில் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு முறை பட்டு வெளியேறும்போது மிஞ்சுவது 66 விழுக்காடு மட்டுமே.

இரு முப்பட்டகங்கள்

லேசரின் ஒத்ததிர்விக்கு உள்ளேயே நிறப்பிரிகையைச் சரிசெய்ய வேண்டியிருந்தால், இந்த இழப்பைத் தாங்க முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் ஒரு பங்கு ஒளியை இழந்தால் பல லேசர்கள் அணைந்தே போகும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபோர்க், மார்ட்டினஸ், கோர்டன் ஆகியோர் 1984 இல் முன்வைத்த முப்பட்டக இணை இதற்குத் தீர்வானது. முப்பட்டகத்தின் உச்சிக் கோணத்தைத் தகுந்தபடி வெட்டினால் (சிலிக்காவுக்கு ஏறத்தாழ 69 பாகை), ஒளி புரூஸ்டர் கோணத்தில் நுழைந்து புரூஸ்டர் கோணத்திலேயே வெளியேறும். உரிய தளவிளைவு கொண்ட ஒளிக்கு அங்கே எதிரொளிப்பு இழப்பு ஏறக்குறைய இல்லை.

முதல் முப்பட்டகம் நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கிறது. தலைகீழாகத் திருப்பி வைத்த இரண்டாம் முப்பட்டகத்தில் நீலம் உச்சி முனையை ஒட்டி மெல்லிய கண்ணாடி வழியே செல்கிறது. சிவப்பு தடித்த பகுதி வழியே சென்று தாமதமாகிறது. பாடநூல்களில் தரப்படும் எளிய விளக்கம் இது.

இந்த இடத்தில் கவனமான மாணவர் ஒரு கேள்வி கேட்பார். கீற்றணியில் சிவப்பு அதிகமாகத் திரும்புகிறது. முப்பட்டகத்தில் நீலம் அதிகமாகத் திரும்புகிறது. திரும்பும் வரிசை நேரெதிராக இருக்க, இரண்டும் ஒரே குறியுள்ள விளைவைத் தருவது எப்படி? நிறங்கள் கோணத்தால் பிரிந்து ஒரு தொலைவைக் கடக்கும்போது ஏற்படும் நிறப்பிரிகையில், அதிர்வெண்ணோடு கோணம் மாறும் வீதம் வர்க்கமாக இடம்பெறுகிறது. வர்க்கத்தில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் ஒன்றுதான். ஆகவே எந்தப் பக்கம் பிரிந்தாலும், வெற்றிடத்திலோ காற்றிலோ கோணப் பிரிவு தரும் விளைவு எப்போதும் எதிர்க்குறி உடையது. மேலே சொன்ன மூவரும் இதைப் பொதுவாகவே நிறுவிக் காட்டினர். துடிப்பு இறுக்கத்தில் ஒரே ஒரு கருத்தை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதையே வைக்கலாம். மற்றவை இதிலிருந்து பெரும்பாலும் வந்துவிடும்.

முப்பட்டகத்தின் கோணப் பிரிவு கீற்றணியினதைவிட மிகச் சிறியது. சிலிக்கா முப்பட்டகங்களை ஒரு மீட்டர் தள்ளி வைத்தாலும், போய்த் திரும்பும் பயணத்தில் 2000 சதுர ஃபெம்டோ நொடி அளவே கிடைக்கும். அதிலும் முப்பட்டகக் கண்ணாடியின் நேர் நிறப்பிரிகையைக் கழிக்க வேண்டும். கீற்றணியில் அரை மில்லிமீட்டரில் முடிகிற வேலைக்கு இங்கே மேசையின் நீளம் தேவைப்படுகிறது. அடர்கண்ணாடி முப்பட்டகங்களைப் பயன்படுத்தினால் இடைவெளி குறையும், ஆனால் உயர்படிப் பிழைகள் கூடும். இதற்கு ஈடாக ஒரு பெரும் வசதி உண்டு. ஒரு முப்பட்டகத்தை நுண்திருகால் கற்றைக்குள் சிறிது நுழைத்தால் கண்ணாடியின் அளவு கூடுகிறது. வெளியே இழுத்தால் குறைகிறது. கற்றையின் திசையைக் குலைக்காமல் நிறப்பிரிகையைத் தொடர்ச்சியாகக் கூட்டலாம், குறைக்கலாம். டைட்டானியம்-சஃபையர் லேசர்களில் பல ஆண்டுகள் இந்தத் திருகுதான் பயனர் அன்றாடம் தொட்ட ஒரே திருகு.

நீட்டு, பெருக்கு, இறுக்கு

துடிப்பு இறுக்கத்துக்கு மிகப் பெரிய பயன் லேசர் பெருக்கிகளில் கிடைத்தது. குறுந்துடிப்பைப் பெருக்கிப் படிகத்துக்குள் நேரடியாக அனுப்பினால், ஆற்றல் கூடும்போதே உச்சச் செறிவும் தாறுமாறாக ஏறும். மிகைச் செறிவில் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணே மாறி, கற்றை தன்னைத்தானே குவித்துப் பெருக்கியைத் துளைத்துவிடும். 1970களில் தொடங்கிப் பல ஆண்டுகள் குறுந்துடிப்பு லேசர்களின் திறன் உயராமல் தேங்கியதற்கு இதுவே காரணம். கற்றையை அகலமாக்குவது ஒன்றே வழியாக இருந்தது; அதற்குக் கட்டடம் அளவிலான கருவிகள் தேவைப்பட்டன.

அமெரிக்காவின் ராச்சஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூரூவும் அவருடைய முனைவர் பட்ட மாணவி டோனா ஸ்ட்ரிக்லேண்டும் 1985 இல் வேறு வழியைக் காட்டினர். துடிப்பை 1.4 கி.மீ. நீளமான ஒளியிழையில் செலுத்தி முதலில் நீட்டினர். நீண்டதால் உச்சத் திறன் தாழ்ந்த துடிப்பைப் பெருக்கினர். கடைசியில் கீற்றணி இணையால் இறுக்கினர். 1 மில்லிஜூல் அளவு ஆற்றலும் 2 பிக்கோ நொடி நீளமும் கொண்ட துடிப்பு கிடைத்தது. பெருக்கியின் கண்ணாடி உச்சத் திறனைச் சந்திக்கவே இல்லை. அது இறுக்கியில், பெரும்பாலும் காற்றிலோ வெற்றிடத்திலோதான் தோன்றுகிறது. இதற்காக இருவரும் 2018 ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்தனர். மேரி கியூரி (1903), மரியா கெப்பர்ட் மேயர் (1963) ஆகியோருக்குப் பின் அப்பரிசைப் பெற்ற மூன்றாம் பெண் ஸ்ட்ரிக்லேண்ட். பரிசுக்குரிய அந்தக் கட்டுரையே அவரது முனைவர் பட்ட ஆய்வுக்கும் அடித்தளம்.

முதல் அமைப்பில் ஒரு பொருத்தமின்மை இருந்தது. ஒளியிழை நீட்டுகிற விதமும் கீற்றணி இறுக்குகிற விதமும் முழுமையாக ஒன்றையொன்று ஈடுசெய்யவில்லை. 1987 இல் மார்ட்டினஸ் இதற்கு அழகான விடை தந்தார். இரு கீற்றணிகளுக்கு நடுவே வில்லைகளாலான தொலைநோக்கி அமைப்பை வைத்தால், கீற்றணிகளுக்கு இடையேயான பயனுறு தொலைவு கணக்கில் எதிர்க்குறி பெறுகிறது. அப்போது எதிர் நிறப்பிரிகை நேர் நிறப்பிரிகையாகிறது. இறுக்கியின் கருத்தையே தலைகீழாக்கி நீட்டியைப் பெற்றதால், ஒன்று செய்ததை மற்றொன்று உயர்படிகளிலும் அழிக்க முடிந்தது. துடிப்புகளை ஆயிரக்கணக்கான மடங்கு நீட்டி மறுபடி இறுக்குவது இதன்பின் சாதாரணமாயிற்று.

பெரிய லேசர்களில் நிலைமை வேறு வடிவம் எடுத்தது. இறுக்கியின் கடைசிக் கீற்றணியே உச்சத் திறன் முழுவதையும் தாங்கவேண்டிய உறுப்பு. அது கருகாமல் இருக்கக் கற்றையை விரிக்க வேண்டும். கற்றை விரிந்தால் கீற்றணியும் பெரிதாக வேண்டும். 1996 இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் முதன்முறையாக ஒரு பெட்டாவாட்டை (ஆயிரம் இலட்சம் கோடி வாட்) எட்டிய லேசருக்காக, ஏறத்தாழ ஒரு மீட்டர் குறுக்களவுள்ள பொன் பூசிய கீற்றணிகளை அந்த ஆய்வகமே செய்துகொண்டது. 2019 இல் 10 பெட்டாவாட் காட்டிய ருமேனியாவின் மெகுரெலெ லேசர் நிலையத்திலும், கடைசிக் கட்டம் வெற்றிடக் கலத்துக்குள் நிற்கும் கீற்றணி இறுக்கிதான். இத்தனை செறிவில் காற்றும் ஒரு கெடுக்கும் ஊடகம் என்பதால் வெற்றிடம் கட்டாயமாகிறது.

மூன்றாம் படிப் பிழை

இதுவரை சொன்னது, தாமதம் அதிர்வெண்ணோடு சீராக ஏறும் அல்லது இறங்கும் பகுதியைப் பற்றியது. உண்மையில் தாமதக் கோடு நேர்க்கோடு அல்ல, சற்று வளைந்தது. அந்த வளைவே மூன்றாம் படி நிறப்பிரிகை. 100 ஃபெம்டோ நொடிக்கு இதைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். 10 ஃபெம்டோ நொடிக்கு மறக்க முடியாது.

மேலே பார்த்த 1 செ.மீ. சிலிக்காக் கண்ணாடியையே எடுத்துக்கொள்வோம். அதன் மூன்றாம் படி அளவு ஏறத்தாழ +275 கன ஃபெம்டோ நொடி. அதன் 360 சதுர ஃபெம்டோ நொடியை மேற்சொன்ன கீற்றணி இணையால் சரியாக அழித்துவிடலாம். ஆனால் அந்த இணை தன் பங்குக்கு ஏறத்தாழ +730 கன ஃபெம்டோ நொடியைக் கூட்டும். இரண்டும் ஒரே குறி என்பதால் மொத்தம் 1000 ஆகிறது. முதல் நோயைத் தீர்த்த மருந்தே இரண்டாவதை வளர்க்கிறது. இதன் அடையாளம் எளிதில் தெரியும். நிறமாலையின் சிவப்பு ஓரமும் நீல ஓரமும் நடு நிறத்துக்குப் பின்னால் ஒரே நேரத்தில் வந்து குறுக்கிடுவதால், முதன்மைத் துடிப்புக்குப் பின்னே சிறு துடிப்புகள் வால்போல் தொடரும்.

முப்பட்டக இணையிலோ மூன்றாம் படியும் எதிர்க்குறி உடையது. அப்படியானால் இரண்டையும் கலந்து பயன்படுத்தினால் என்ன? பெல் ஆய்வகத்தில் ஃபோர்க், பிரிட்டோ குரூஸ், பெக்கர், ஷாங்க் ஆகியோர் 1987 இல் செய்தது அதுவே. சாய லேசரிலிருந்து வந்த 50 ஃபெம்டோ நொடி அளவான துடிப்பைக் குறுகிய ஒளியிழைத் துண்டில் செலுத்தினர். அங்கே மிகைச் செறிவால் புதிய நிறங்கள் பிறந்து நிறமாலை அகன்றது. மூலத் துடிப்பைவிடக் குறுகிய துடிப்பைப் பெற இப்படி நிறமாலையை அகலமாக்குவது கட்டாயம். இறுக்கியால் மட்டும் அது முடியாது. பிறகு கீற்றணி இணை, முப்பட்டக இணை இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டாம் படி, மூன்றாம் படி இரண்டும் ஒருசேரச் சுழியாகும்படி இடைவெளிகளைத் தேர்ந்தனர். கிடைத்தது 6 ஃபெம்டோ நொடி. அவர்கள் பயன்படுத்திய சிவப்பு ஒளியில் அது மூன்றே அலைகள் அடங்கும் நேரம். இந்தச் சாதனையை மிஞ்ச ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின.

அதற்குள் புதிய கருவி ஒன்றும் வந்திருந்தது. 1994 இல் சிபோச், ஃபெரன்ஸ், ஷ்பீல்மான், கிராவுஸ் ஆகியோர், பல மெல்லேடுகளை அடுக்கிச் செய்த ‘சிர்ப் ஆடி’களை வெளியிட்டனர். இவற்றில் ஒரு நிறம் மேலேட்டிலேயே எதிரொளிக்கும். மற்றொன்று ஆழமாக உட்சென்று திரும்பும். ஒரு முறை பட்டால் கிடைக்கும் விளைவு சிறிது; ஆனால் உயர்படிப் பிழைகளையும் ஏடுகளின் தடிமனிலேயே வடிவமைத்துவிடலாம். இன்று சில ஃபெம்டோ நொடித் துடிப்புகள் பெரும்பாலும் இவற்றால்தான் இறுக்கப்படுகின்றன. கிராவுஸ் 2023 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அட்டோ நொடி ஆய்வுக்கும் இத்தகைய துடிப்புகளே தேவைப்பட்டன. ஆனால் ஆடிகளால் சில ஆயிரம் சதுர ஃபெம்டோ நொடிக்கு மேல் ஈடுகட்டுவது கடினம். இலட்சக்கணக்கில் தேவைப்படும் பெருக்கி லேசர்களில் கீற்றணியின் இடம் அசையவில்லை. கீற்றணியை முப்பட்டகத்தின் முகத்திலேயே பொருத்தி இரண்டின் குணத்தையும் ஒரே உறுப்பில் பெறும் அமைப்புகளும் உள்ளன.

ஒழுங்குபடுத்தலும் அளத்தலும்

இறுக்கியை வாங்கி வைப்பது எளிது. ஒழுங்குபடுத்துவதில்தான் நாட்கள் போகும். இரு கீற்றணிகளின் முகங்களும் கோடுகளும் துல்லியமாக இணையாக இல்லாவிட்டால், வெளிவரும் கற்றையில் நிறங்கள் முழுமையாகச் சேராது. அப்போது குவியத்தில் புள்ளி நீண்டு தெரியும். துடிப்பின் முகப்பும் சாய்ந்துவிடும். இத்தகைய பிழையை இடைவெளியை எவ்வளவு மாற்றினாலும் சரிசெய்ய இயலாது. ஆகவே முதலில் கோணத்தைச் சரிசெய்துவிட்டுப் பின்னரே இடைவெளியைத் தொட வேண்டும்.

துடிப்பு எவ்வளவு குறுகியது என்பதை எந்த மின்னணு உணரியாலும் நேரடியாக அளக்க முடியாது. மிக வேகமானவையும் பிக்கோ நொடி அளவிலேயே நின்றுவிடுகின்றன. அதனால் துடிப்பை அதே துடிப்பால் அளக்கிறார்கள். கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்தி, இரண்டையும் ஒரு படிகத்தில் சந்திக்கவிடுவர். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மட்டுமே இருமடங்கு அதிர்வெண் கொண்ட ஒளி பிறக்கும். அந்த ஒளியின் அளவைத் தாமதத்துக்கு எதிரே வரைந்தால் துடிப்பின் அகலம் தெரியும். அதே ஒளியை நிறமாலைமானி வழியாகவும் பதிவு செய்தால், ஒவ்வொரு நிறமும் எப்போது வந்தது என்பதையே கணித்து எடுக்கலாம். 1993 இல் டிரெபினோவும் கேனும் வெளியிட்ட ‘ஃபிராக்’ என்னும் முறை இந்த வகையைச் சேர்ந்தது.

அன்றாட வேலைக்கு இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. இருமடங்கு அதிர்வெண் தரும் அந்தப் படிகத்தில் கற்றையைக் குவித்து, 800 நானோமீட்டர் ஒளி 400 நானோமீட்டர் நீலமாக மாறுவதைப் பார்த்தபடி இடைவெளித் திருகைத் திருப்புவார்கள். மொத்த ஆற்றல் மாறாமல் துடிப்பு மட்டும் குறுகும்போது நீலம் பிரகாசமாகும். உரிய இடத்தைத் தாண்டினால் மங்கும். நீலம் மிகப் பிரகாசமாகத் தெரியும் இடத்தில் திருகை நிறுத்திவிட்டு, மீதியை ஃபிராக் கருவியிடம் விடுவது வழக்கம்.